டெல்ஃபீன் முனையின் கடைசி வீடு

டெல்ஃபீன் முனை, லூயிசியானா
ஜூன் 6

வெர்லீன்,

போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நீ வைத்துவிடுவாய். பிறகு உன் புருஷன் டரில் எடுத்து, "மச்சான், கொஞ்சம் அமைதியா இருங்க" என்பான். அவனிடம் அமைதி கற்றுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது கடைசி வரை படி.

நேற்றுக் காலை, புயலிலிருந்து நான் குடியிருக்கும் டிரெய்லர் வாசலில் ஒரு டெக்சஸ் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் காலில் சேறே பார்க்காத பூட்ஸ். ஹூஸ்டனில் பல் டாக்டராம், பெயர் பிரைஸ். மரியாதையான மனுஷன்தான். இங்கே ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். புயலுக்குப் பிறகு ஐஸ் கிடையாது, மீன் பிடிக்க வந்தீர்களா, யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்றேன். "என் வீட்லதான். ரோடு முடியுற இடத்துல உசரமா நிக்குதே, அதேதான். வாங்கிட்டேன்" என்றார். கையில் சாவி ஆடியது. நான் கடை கடையாக அலைந்து வாங்கி மாட்டிய பூட்டின் சாவி.

உன் சொந்த அண்ணனுக்கு இந்தச் செய்தியை ஒரு பல் டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

உன் வீடு எப்படி எழும்பியது என்று மறந்துவிட்டாயா? போன வருஷப் புயல் முனையில் ஒரு சுவர் மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டுப் போன பிறகு, எட்டுக் குடும்பங்கள் திரும்பி வருவோம் என்று சர்ச் கூடத்தில் பேசினோம். கூலி கொடுத்து வீடு கட்ட நம்மில் ஒருவருக்கும் வக்கில்லை. அப்பா காலத்துக் கைகொடுப்பு முறையில் செய்வது என்று முடிவானது. ஒருவர் வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து தூண் நட்டு, தளம் போட்டு, கூரை ஏற்றித் தருவது. அந்த வீட்டுக்காரர் சமைத்துப் போடுவது. பிறகு, தனக்கு வந்த நாட்களை அவர் மற்ற வீடுகளுக்குத் திருப்பித் தருவது. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. முதல் வீடு கட்டும் முறை, வயதில் மூத்தவர் என்று, மிஸ் அஸேமாவுக்குத்தான் இருந்தது. அவரிடம் போய் நின்று, கெஞ்சி, அதை உனக்கு வாங்கித் தந்தவன் நான்.

டி-ராய் உன் வீட்டு உத்தரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். மே மாத இறால் பருவம் முழுக்க அவன் படகு கட்டியே கிடந்தது. அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? வேர்க்க விறுவிறுக்க எல்லோரும் ஏற்றிய வீட்டை, ஒருவருக்கும் ஒரு நாளும் திருப்பித் தராமல், மூச்சு விடாமல் விற்றுவிட்டாயே.

பதில் எழுது. போன் பண்ணாதே.

அல்சீட்


லஃபயெட்
ஜூன் 14

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே டரில் பதில் எழுதச் சொன்னார். எனக்குத்தான் பேனா ஓடவில்லை. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீ எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது.

சொல்லாமல் இருந்தது தப்பு. நாங்கள் குடிவருவதாக இல்லை என்று ஈஸ்டர் அன்றைக்கே சொல்லத்தான் வந்தேன். நீ என் வீட்டுக் கூரை மேல் நின்று, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, கீழே இருக்கிறவர்களை எல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருந்தாய். அண்ணி இறந்ததற்குப் பிறகு உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கம்போக் குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

உன் மருமகள் ஜோசிக்கு ஒன்பது வயதுதான். அந்தப் புயலுக்குப் பிறகு, மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் போதும், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துகொள்கிறாள். பெல்ட்டையும் போட்டுக்கொள்வாள். கூப்பிட்டால் வர மாட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இன்னும் கிளம்பலையா?" என்று என்னையே கேட்பாள். புது வீட்டில் தங்கிப் பார்க்கலாம் என்று ஏப்ரலில் வந்தோமே, அன்று சாயங்காலம் இடி இடித்தது. அவ்வளவு உயரப் படியிலும் கைப்பிடியை விடாமல் தனியாக இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். நீ அப்போது பக்கத்தில் இல்லை. முனையில் பள்ளிக்கூடம் இனித் திறக்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் தர ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே எப்படிக் குடியேறுவேன்?

இன்னொன்றும் கேட்கிறேன். நான் திரும்பி வருகிறேன் என்று யார் சொன்னது? நானா? சர்ச் கூடத்தில் நான் பின்னால் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். நீ எழுந்து, "என் தங்கச்சி குடும்பமும் வருது, சேத்துக்கோங்க" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். மிஸ் அஸேமா என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல முடியுமா? கட்டக் கட்ட ஒருவேளை மனசு மாறும் என்று நானும் நம்பினேன். மாறவில்லை.

சொல்லாததற்கு என்னைத் திட்டு. கேட்டுக்கொள்கிறேன். விற்றதற்குத் திட்டாதே.

வெர்லீன்


டெல்ஃபீன் முனை
ஜூன் 27

வெர்லீன்,

ஜோசிக்குப் பயம் என்று தெரிந்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விற்ற பிறகு குழந்தையைக் காட்டி நியாயம் பேசுகிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மிஸ் அஸேமா வீட்டு வேலை. உன் வீட்டுக்கு எவ்வளவு கூட்டம் வந்தது, நினைவிருக்கிறதா? சுத்தியல் போதாமல் கடன் வாங்கினோம். இங்கே வந்தது ஐந்து பேர். அதிலும் இரண்டு பேர் மத்தியானமே வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். டி-ராய் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே சத்தமாகக் கேட்டான்: "இது யாருக்குப்பா கட்டுறோம்? டாக்டருக்கா, வக்கீலுக்கா? முன்னாடியே சொல்லிட்டா வாசலைக் கொஞ்சம் பெருசா வெச்சிரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் அஸேமாவும் பலகை மேல் உட்கார்ந்து அதைக் கேட்டார். தன் முறையை விட்டுக்கொடுத்த மனுஷி. இன்னும் டிரெய்லரில்தான் இருக்கிறார்.

உன் வீடு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. யாராவது போன் பேசத் தள்ளிப் போனால்கூட, வீட்டை வாங்க ஆள் பிடித்துவிட்டானோ என்று தோன்றுகிறது. எனக்கே தோன்றுகிறது. ஐம்பத்தாறு வருஷம் இந்த ஜனங்களோடு இருந்தவன் நான்.

நீ இவர்களுக்கு வேலை நாள் திருப்பித் தர வேண்டும். வீடு கைமாறினாலும் அந்தக் கடன் கைமாறாது. தைரியம் இருந்தால் ஒரு சனிக்கிழமை வந்து, இவர்கள் நடுவில் நின்று வேலை செய்.

அல்சீட்


லஃபயெட்
ஜூலை 13

அண்ணா,

வந்தேன். நீ பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று முழுக்க நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விடியும்போதே பெரிய இரும்புப் பானையில் கம்போ வைத்தேன். கோழியும் தொத்திறைச்சியும் போட்டு, டி-ராய்க்குப் பிடிக்கும் என்று காரம் தூக்கலாக. டரில் அதைத் துணி சுற்றி வண்டியில் கட்டிக் கொடுத்தார். மிஸ் அஸேமா வீட்டுத் தளத்தில் எனக்கு ஒரு மூலை காட்டினார்கள். பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன், நான் உட்கார்ந்ததும் எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டான். சரி என்று நான் தனியாக ஆணி அடித்தேன். மத்தியானம் பானையை நிழலில் வைத்து, தட்டுகளை அடுக்கி, சோற்றையும் எடுத்து வைத்தேன். எல்லோரும் அவரவர் பையிலிருந்து ரொட்டியை எடுத்தார்கள். பானை மூடியை ஒருவரும் திறக்கவில்லை. நீ வண்டிப் பலகையில் உட்கார்ந்து, டப்பா மத்தி மீனைத் தின்றுகொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யார் சாப்பிடாவிட்டாலும் நீ வந்து ஒரு தட்டு எடுத்திருக்கலாம்.

அதைக்கூட மறந்துவிடுவேன். பாத்திரம் கழுவும்போது டி-ராய் மனைவி லர்லீன் பக்கத்தில் வந்தாள். பாவப்பட்டுப் பேச வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: "உனக்காகவா உங்க அண்ணன் வீடு கட்டினாருன்னு நெனச்சே? குழாய்க்காகக் கட்டினாரு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, அண்ணா. கடைசியாக ஆள் குடியிருக்கும் வீடு வரைக்கும்தான் தண்ணீர்க் குழாய் போடுவோம் என்று மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்களாமே. மிஸ் அஸேமா வீடு சாலை தொடங்கும் இடத்தில். அதை முதலில் கட்டினால் குழாய் அங்கேயே நின்றுவிடும். என் மனை சாலை முடியும் இடத்தில். அங்கே ஒரு வீடு நின்றால் குழாய் எல்லோர் வாசலையும் தாண்டி வந்தே ஆக வேண்டும். அதுதான் கணக்கு.

என்னிடம் நீ சொன்னது வேறு. "குழந்தை இருக்கிற வீடு மொதல்ல எந்திரிக்கட்டும்" என்றாய். உன் டிரெய்லரில் நின்று அதைக் கேட்டு நான் அழுதேன். அண்ணன் என்றால் இவன்தான் அண்ணன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் உனக்குத் தங்கையா, குழாய் போகும் வழிக்கு நட்ட அடையாளக் கம்பா?

கம்போவை இங்கே கொண்டுவந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்ததாம்.

வெர்லீன்


டெல்ஃபீன் முனை
ஆகஸ்ட் 22

வெர்லீன்,

லர்லீன் சொன்னது உண்மை. அலுவலகத்தில் ஒரு பெண் வரைபடத்தில் விரலை வைத்து, இங்கே ஆள் இருந்தால் இதுவரை, இல்லாவிட்டால் இல்லை என்றாள். அவள் விரல் நின்ற இடம் உன் மனை. வேறு யார் அங்கே வீடு கட்டப் போகிறார்கள்? உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. உன் மனை சாலை நடுவில் இருந்திருந்தால் முதல் முறையை உனக்குக் கேட்டிருப்பேனா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஜோசி இங்கே ஓடி விளையாட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் நிஜம். குழாய் வேண்டும் என்று நினைத்ததும் நிஜம். எது முன்னால், எது பின்னால் என்று என்னைக் கேட்காதே.

தண்ணீர் வந்துவிட்டது. அது இன்னொரு கூத்து. உன் பல் டாக்டர் யாருக்கோ போன் போட்டாராம். நாங்கள் மாதக்கணக்கில் நடையாய் நடந்தும் அசையாத அலுவலகம், உடனே ஆளும் இயந்திரமும் அனுப்பிச் சாலைக் கடைசி வரை தோண்டிப் போட்டுவிட்டது. மிஸ் அஸேமா குழாயைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டி-ராய்தான் வாயைத் திறந்தான்: "பல் டாக்டர் தயவுல இனிமே பல் வெளக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. நீ இல்லாமல், நான் இல்லாமல், யாரோ ஒருத்தர் குளிப்பதற்காக நடந்தது. இதற்காகவா உன்னிடம் மறைத்தேன் என்று இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மிஸ் அஸேமா வீட்டுக் கூரை ஏறியது. நீ வந்து வேலை செய்த நாளை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மிச்சத்தை வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார். மற்றவர்கள் அப்படி இல்லை. உன் கை வேண்டாமாம், ஆனால் உன் பாக்கியும் நிற்கக் கூடாதாம். "அவ வர வேணாம். அவ கணக்கு மட்டும் தீரணும். தீந்துட்டா அப்புறம் அவ யாரோ, நாம யாரோ" என்றான் டி-ராய். வர முடியாதவர்களுக்குப் பதில் வேறொருவர் கை கொடுக்கலாம் என்பது பழைய முறைதான். உன் நாட்களை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை என் பெயரில். ஞாயிற்றுக்கிழமை உன் பெயரில். பூசைக்கு வருவதில்லை என்று பாதிரியார் முறைத்துக்கொண்டு திரிகிறார்.

நீ வர வேண்டாம்.

அல்சீட்


லஃபயெட்
அக்டோபர் 3

அண்ணா,

போன மாதம் வளைகுடாவில் இன்னொரு புயல் நம் பக்கம் திரும்பியபோது உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன் தெரியுமா? நீ எடுக்கவில்லை. கடைசியில் மிஸ் அஸேமாதான் எடுத்தார். எல்லோரும் அவருடைய புது வீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், உன் அண்ணன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான் என்றார். அது கிழக்கே போய்விட்டது என்று செய்தி வரும்வரை நானும் ஜோசியோடு காரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை டரில் படித்துவிட்டு, பாரு, எவ்வளவு நல்ல மனுஷன், உன் பாரத்தை அவர் சுமக்கிறார் என்றார். அவர் வெளியூர்க்காரர். அவருக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. உனக்கும் தெரிந்துதான் இதைச் செய்கிறாய்.

முனையில் யார் யாருக்குப் பாக்கி இல்லாமல் இருந்தார்கள்? தனக்கு வலை பின்னிக் கொடுத்த நோலன் வீட்டுக்கு அப்பா எப்போதும் ஒரு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். போய் முடித்துவிட்டு வாருங்களேன் என்று அம்மா சொன்னால், "முடிச்சுட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறது?" என்பார். பாக்கி இருக்கிறவரைக்கும்தான் வாசல் திறந்திருக்கும். நீ ஒவ்வொரு ஞாயிறும் போய் என் பெயரில் ஒவ்வொரு வாசலாகச் சாத்திக்கொண்டு வருகிறாய். கோபத்தில் செய்கிறாயா, பாசத்தில் செய்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே மாதிரி வலிக்கிறது.

நிறுத்து, அண்ணா. டி-ராய் வீட்டையாவது எனக்கு விட்டு வை. அவன் என் வீட்டு உத்தரத்திலிருந்து விழுந்தவன், அவனுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஆள் இல்லாத வார நாளில் வருகிறேன். யார் கண்ணிலும் பட மாட்டேன். படிக்கட்டுக்கு அடியில் சாயம் பூசுகிற வேலை கொடுத்தால்கூடப் போதும். நான் அங்கே குடியிருக்க மாட்டேன், அது முடிந்த கதை. ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ நான் வண்டியை நிறுத்தி இறங்கினால், என் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவராவது வேண்டும்.

விற்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். இதை மட்டும்தான் கேட்கிறேன்.

வெர்லீன்


டெல்ஃபீன் முனை
டிசம்பர் 5

வெர்லீன்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்த எனக்கு மனசில்லை. உன் மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

டி-ராய் வீட்டுக் கூரை போன ஞாயிறு முடிந்தது. கடைசித் தகட்டை அடித்துவிட்டு இறங்கினேன். அவன் தோள் இப்போது பரவாயில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்துக் குலுக்கினான். "இது அவளுக்கு. முடிஞ்சுது" என்றான். லர்லீன் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி யாரும் தப்பாகக்கூடப் பேசவில்லை. பேச்சே இல்லை. நீ சொன்ன வாசல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. சாத்தியவன் நான்தான். நீ கேட்டும் சாத்தினேன்.

மூன்று குடும்பங்கள் விற்றுவிட்டன. இந்தக் குளிருக்குள் இன்னொன்றும் போகும். மீன் பிடிக்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டு ஞாயிற்றுக்கிழமை அணைத்துவிட்டுப் போகிறார்கள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் சாலையில் பாதி வீடு இருட்டாக நிற்கிறது. விற்ற மூவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் உன்னைத் திட்டியபோது வந்த ஆத்திரம் அப்போது வரவில்லை. அவர்கள் போனார்கள், அவ்வளவுதான். நீ போனபோது என்னை ஏமாற்றிவிட்டுப் போனாய். நானும் உன்னை ஏமாற்றித்தான் வரவழைத்தேன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். உன் நியாயம் எனக்குத் தெரிந்தாலும் என் கோபம் தணியவில்லை.

இனி மிச்சம் இருப்பது என் வீடு. தனி ஆளுக்கு டிரெய்லர் போதும் என்று என் முறையைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். ஜனவரி இரண்டாவது வாரம் தூண் நடுகிறோம். மிச்சம் இருப்பவர்கள் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். டி-ராய், மிஸ் அஸேமா எல்லோரும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் நாட்களையும் வழக்கம்போல நானே செய்துவிடலாம் என்று இருந்தேன். டி-ராய் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் வீட்ல நீ அடிக்கிற ஆணி உன் ஆணிதாம்ப்பா. அது எப்படி அவ கணக்குல போகும்?" என்றான். யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் முறை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த லர்லீன், வெர்லீனுக்குப் பதிலாகத் தன் தம்பியை அனுப்பட்டுமா என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்தால் பேசுவேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் உன் இடத்தில் வேறு ஆள் நிற்க நான் விட மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் நீ தீர்த்துவிட்டாய். எனக்கு மட்டும் நீ பாக்கி.

அல்சீட்